தானுந்துப் பந்தயப் பாவனையாக்கியில் பொறி அமைப்பு

தானுந்துப் பந்தயப் பாவனையாக்கி என்பது ஒரு தானுந்தின் இயக்கத்தை இயற்பியல் விதிகளின்படி கணித்து, கணினித் திரையில் ஓட்டிப்பார்க்க உதவும் மென்பொருள் ஆகும். இதில் எஞ்சின் எனப்படும் பொறியும், கியர்பெட்டி எனப்படும் பல்லிணைப் பெட்டியும், அதன் பின்னுள்ள உறுப்புகளும் எண்களாகவே தரப்படுகின்றன. இவ்வெண்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் மட்டுமே தானுந்து உண்மையானதைப் போல ஓடும்.

1997 இல் எரிக் எஸ்பியே, கிறிஸ்டோஃப் கியோனோ ஆகியோர் தொடங்கிய டார்க்ஸ் என்னும் கட்டற்ற பாவனையாக்கியில், ஒவ்வொரு தானுந்தின் அளவுகளும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதப்பட்டுள்ளன. அதனை எவரும் திறந்து மாற்றலாம். எனவே இவ்வமைப்பைக் கற்பதற்கு அது ஏற்றதாகும். கீழே 1989 இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 தானுந்தின் 1.6 லிட்டர் வகை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

முறுக்குவிசை வளைகோடு

கோப்பில் பொறியின் திறன் நேரடியாகத் தரப்படுவதில்லை. வெவ்வேறு சுழற்சி வேகங்களில் பொறி தரும் முறுக்குவிசையே புள்ளிகளாகத் தரப்படுகிறது. திறன் அதிலிருந்து பெறப்படுகிறது:

திறன் (கிலோவாட்) = முறுக்குவிசை (நியூட்டன் மீட்டர்) × நிமிடச் சுழற்சி ÷ 9549

எடுத்துக்காட்டுத் தானுந்தின் உச்ச முறுக்குவிசை 5500 சுழற்சியில் 136 நியூட்டன் மீட்டர். உச்சத் திறன் 6500 சுழற்சியில் ஏறத்தாழ 85 கிலோவாட். சூத்திரத்தின்படி 6500 சுழற்சியில் முறுக்குவிசை 125 ஆகக் குறைந்திருக்க வேண்டும். இக்குறைவைக் கருதாமல் 136 என்பதையே இறுதிவரை எழுதினால் திறன் 93 கிலோவாட்டாக உயர்ந்துவிடும். தொடக்கநிலையினர் செய்யும் பிழைகளுள் இது பொதுவானது.

தயாரிப்பாளர் அறிவிக்கும் திறன் பொறியின் வெளியீட்டில் அளக்கப்படுவது. சக்கரத்தை அடையுமுன் அதில் ஒரு பகுதி உராய்வால் இழக்கப்படும். இவ்விழப்பைப் பல்லிணைகளின் பயனுறுதிறன் என்னும் இடத்தில் தரவேண்டும். வளைகோட்டிலும் கழித்தால் இழப்பு இருமுறை கணக்கிடப்படும்.

பல்லிணை விகிதங்கள்

இத்தானுந்தின் ஐந்து விகிதங்கள் முறையே 3.136, 1.888, 1.330, 1.000, 0.814 ஆகும். இறுதி விகிதம் 4.300. எனவே முதற் பல்லிணையில் பொறி 13.485 முறை சுழலும்போது சக்கரம் ஒருமுறை சுழல்கிறது. 185/60 ஆர்14 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.81 மீட்டர். சுழற்சி வரம்பை 7000 எனக் கொண்டால் ஒவ்வொரு பல்லிணையிலும் எட்டக்கூடிய வேகம் (மணிக்குக் கிலோமீட்டர்) பின்வருமாறு:

முதலாவது: 56
இரண்டாவது: 94
மூன்றாவது: 133
நான்காவது: 177
ஐந்தாவது: 218

ஐந்தாவதில் 218 என்பது பல்லிணைக் கணக்கின் எல்லை மட்டுமே. காற்றுத்தடையை வெல்லப் பொறியின் திறன் போதாமையால் உண்மையான தானுந்து அவ்வேகத்தை அடைவதில்லை.

பொறியின் நிலைமம்

பொறியின் சுழலும் உறுப்புகளுக்கும் நிலைமம் உண்டு. முடுக்கத்தின்போது அதன் விளைவு மொத்த விகிதத்தின் இருபடியாகப் பெருகும். நிலைமத் திருப்புத்திறன் 0.1 கிலோகிராம் சதுரமீட்டர் எனக் கொண்டால், முதற் பல்லிணையில் அது தானுந்தின் மீது சுமார் 220 கிலோகிராம் கூடுதல் எடை ஏற்றியதற்கு ஒப்பாகும். ஐந்தாவதில் அது 15 கிலோகிராமே. இவ்வெண்ணைச் சுழியாக்கினால் தானுந்து புறப்படும்போது இயல்பைவிட விரைவாகப் பாயும்.

வகையீட்டுப் பல்லிணை

வளைவில் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட நீண்ட தொலைவு செல்கிறது. இவ்வேறுபாட்டிற்கு இடமளிப்பது டிஃபரன்ஷியல் எனப்படும் வகையீட்டுப் பல்லிணை ஆகும். திறந்த வகையில், எடை குறைந்த உட்சக்கரம் வழுக்கிச் சுழன்று உந்துவிசை வீணாகலாம். இரு சக்கரங்களையும் பூட்டிவிட்டால் தானுந்து குறுகிய வளைவில் திரும்ப மறுக்கும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகைகள் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டவை. எடுத்துக்காட்டுத் தானுந்தில் திறந்த வகையுடன் பாகுநிலை இணைப்பு வகையும் வழங்கப்பட்டது. ஆகவே எது பொருத்தப்பட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

சரிபார்த்தல்

தானுந்து மெதுவாக முடுகுவதாகத் தோன்றினால் முறுக்குவிசையைக் கூட்டுவது எளிய வழி. ஆயின் அவ்வாறு செய்தால் உச்சவேகமும் மிகும். அதைக் குறைக்கக் காற்றுத்தடையைக் கூட்டினால், இறக்கத்திலும் நேர்ப்பாதையிலும் நடத்தை மாறும். ஒரு பிழையை மறைக்க மற்றொரு பிழை சேர்கிறது.

மாறாக, பின்வரும் வரிசையில் சோதிப்பது நன்று. முதலில் எடையையும் டயர் விட்டத்தையும் உறுதிசெய்க. அடுத்து, ஒவ்வொரு பல்லிணையிலும் குறித்த சுழற்சிக்குரிய வேகத்தை ஒப்பிடுக. இது திறனைச் சார்ந்ததன்று என்பதால் விகிதப் பிழையைத் தனியே காட்டிவிடும். பின்னர் உச்சவேகத்தையும், இறுதியாக முடுக்க நேரத்தையும் ஒப்பிடுக. இரண்டாம் பல்லிணை 94 கிலோமீட்டரில் முடிவதால், 100 கிலோமீட்டரை எட்ட இருமுறை பல்லிணை மாற்றவேண்டும். மாற்றும் நேரத்தைச் சுழியாக வைத்திருந்தால் அளந்த நேரம் பொருந்தாது.

இவ்வாறு வேகமும் நேரமும் உள்ளிட்ட எண்களிலிருந்து தாமாகவே கிடைக்கும்போதுதான் அவ்வமைப்பு நம்பத்தக்கதாகிறது.