முதலில் மாதிரி, பிறகு மாத்திரை

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மூன்று நாளாகச் சீதபேதி. டாக்டர் மோஷன் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தார். காலை ஏழு மணிக்கு எடுத்ததை ஊறுகாய் பாட்டிலில் போட்டு, செய்தித்தாளில் சுற்றி, மஞ்சப்பைக்குள் ஒளித்துவைத்தார். "யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?" பஸ்ஸில் கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்து லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. முந்தின நாளே மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி இரண்டு வேளை போட்டிருந்தார். ரிப்போர்ட்டில் எதுவும் தெரியவில்லை. பேதி மட்டும் நிற்கவில்லை.

யாருக்குத் தேவை?

எல்லா வயிற்றுப்போக்குக்கும் மலப் பரிசோதனை வேண்டியதில்லை. பெரும்பாலானவை வைரஸால் வருபவை. சில நாளில் தானாக அடங்கும். அதுவரை ஓ.ஆர்.எஸ். கரைசலும் வழக்கமான உணவும் போதும். குழந்தைகளுக்கு டாக்டர் சொல்லும் அளவில் துத்தநாக மாத்திரையும் தர வேண்டும்.

மலத்தில் ரத்தமோ சளியோ, கடுங்காய்ச்சல், தாங்க முடியாத வயிற்றுவலி, ஒரு வாரம் தாண்டியும் நிற்காத பேதி, அரிசி கழுவிய தண்ணீர் போலப் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை அவசியம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும், ஒரே விருந்தில் சாப்பிட்ட பலருக்குச் சேர்ந்தாற்போல் வந்தாலும் அப்படித்தான். கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, ஆள் துவண்டுபோனால் டெஸ்ட் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

லேபில் என்ன பார்க்கிறார்கள்?

நுண்ணோக்கியில் சீழ்ச் செல்கள், ரத்தச் செல்கள், அமீபா, ஜியார்டியா, புழு முட்டை ஆகியவற்றைத் தேடுவார்கள். உயிரோடு நகரும் அமீபாவைப் பார்க்க, நீராகப் போன மலம் அரை மணி நேரத்துக்குள் லேபில் இருக்க வேண்டும். ஒட்டுண்ணிகள் தினமும் வெளிப்படுவதில்லை என்பதால் வெவ்வேறு நாளில் மூன்று மாதிரிகள் கேட்பதுண்டு. கல்ச்சரில் ஷிகெல்லா, சால்மோனெல்லா, காலரா கிருமிகளை வளர்த்து, எந்த மருந்துக்கு அவை கட்டுப்படும் என்று பார்ப்பார்கள். அதற்கு இரண்டு மூன்று நாளாகும். முன்னதாகவே ஆன்டிபயாட்டிக் போட்டிருந்தால் கிருமி வளராமல் போகலாம்.

இந்தச் சோதனையின் பயன் ஒருவரோடு முடிவதில்லை. 1992-இல் சென்னையில் பரவிய காலராவில், வழக்கமான ஓ1 வகைக்கான சோதனையில் சிக்காத ஒரு கிருமி நோயாளிகளின் மலத்தில் கிடைத்தது. அதுதான் ஓ139 என்ற புதிய வகை என்று பின்னால் உலகம் அறிந்தது.

எடுக்கும் முறை

லேபில் தரும் மூடிபோட்ட டப்பாவையே வாங்குங்கள். சிறுநீரோ தண்ணீரோ கலக்காமல், ரத்தமும் சளியும் உள்ள பகுதியாகப் பார்த்து ஒரு ஸ்பூன் அளவு எடுத்தால் போதும். பெயர், தேதி, எடுத்த நேரம் எழுதி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நேரே லேபுக்குக் கொண்டுபோங்கள். வீடு தூரம் என்றால் அங்கேயே எடுத்துக் கொடுக்கலாம். போட்ட மாத்திரைகளை மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் உரிமை

கட்டணத்தை முன்கூட்டியே கேளுங்கள். பில்லும் ரிப்போர்ட்டும் கையோடு வாங்குங்கள். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகள். மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பது சட்டப்படி தவறு.

மாதிரி மாறிப்போனது, ரிப்போர்ட் தவறு என்றால் முதலில் எழுத்தில் புகார் கொடுத்து மறுபரிசோதனை கேளுங்கள். பயனில்லை என்றால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் போகலாம். பணம் கொடுத்துச் செய்த சோதனைக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். வழிகாட்ட 1915 என்ற எண் இருக்கிறது. அரசு மருத்துவமனையின் இலவசச் சேவைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே குறை என்றால் முதல்வரின் உதவி மையத்தை 1100-இல் அழைக்கலாம்.

பாட்டியை மறுபடி அழைத்துப் போனபோது ஆஸ்பத்திரிக் கழிப்பறையிலேயே மாதிரி எடுக்க வைத்தார்கள். பத்து நிமிடத்தில் அது நுண்ணோக்கிக்குக் கீழே இருந்தது. அமீபா நகர்ந்துகொண்டிருந்தது. சரியான மருந்து அன்றைக்கே தொடங்கியது. வீணாய்ப் போன அந்த நாட்களுக்குக் காரணம் நோயல்ல, கூச்சமும் அவசர மாத்திரையும்தான்.