ஊர் வரியும் ஊராளும் உரிமையும்

நுழையும்முன்

வரி என்றதும் செலுத்த வேண்டிய சுமையே பலருக்கும் நினைவிற்கு வருகிறது. ஓர் ஊர் தன் தேவைக்குத் தானே வரி திரட்டித் தானே செலவிடும்போது, அவ்வரி ஆளும் உரிமையின் அடையாளமாகிறது. உள்ளாட்சியின் அதிகாரம் அதன் வருவாயோடும் கணக்கோடும் பிணைந்திருக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கல்லில் பொறித்த விதிகள்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள சிறுநகரம் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகள் அவ்வூரின் ஆட்சிமுறையைத் தெளிவாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடவோலை முறையில் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஆட்டை வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம், பொன் வாரியம் முதலியவை ஊர்ப்பணிகளைப் பகிர்ந்து செய்தன.

921ஆம் ஆண்டுக் கல்வெட்டு உறுப்பினருக்குரிய தகுதிகளை வரையறுக்கிறது. கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவராக இருத்தல் வேண்டும். அகவை 35 முதல் 70க்குள் இருத்தல் வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பொறுப்பிற்கு வர இயலாது. வரி கொடுப்பவருக்கே பொறுப்பு; கணக்குக் காட்டாதவருக்குப் பொறுப்பு இல்லை. இவ்விரண்டுமே அவ்விதிகளின் உயிர்நாடி.

எனினும், அச்சபை அந்தணர்க்குக் கொடையாக வழங்கப்பட்ட ஊரின் சபை. பெண்களும் நிலமற்றோரும் பிற சமூகத்தாரும் அதில் இடம்பெறவில்லை. ஆகவே அதனை இன்றைய மக்களாட்சியோடு ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது.

சட்டம் தந்த அதிகாரம்

ஆங்கிலேயர் ஆட்சியில், 1882ஆம் ஆண்டு ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் உள்ளாட்சிக்குப் புதிய வடிவம் தந்தது. விடுதலைக்குப் பின், 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு உறுதியான இடத்தை அளித்தது. பன்னிரண்டாம் அட்டவணை நகரத் திட்டமிடல், குடிநீர், தெருவிளக்கு, துப்புரவு உள்ளிட்ட 18 பணிகளைப் பட்டியலிட்டது.

பணிகளைப் பட்டியலிடுவது எளிது; அவற்றுக்குரிய பொருளைத் திரட்டுவதே அரிது. சட்டத்தின் ஒப்புதலின்றி எந்த வரியையும் விதிக்க இயலாது. மாநிலச் சட்டமன்றம் எவ்வரிகளை அனுமதிக்கிறதோ அவற்றை மட்டுமே உள்ளாட்சி விதிக்கலாம். தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் சொத்து வரி, தொழில் வரி, காலிமனை வரி ஆகியன முதன்மையானவை. இவற்றோடு குடிநீர்க் கட்டணமும் கடை வாடகையும் சேரும்.

சொத்து வரியின் பயணம்

கட்டடத்தின் பரப்பு, அமைவிடம், பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு வரி மதிப்பிடப்படுகிறது. அம்மதிப்பீட்டின்படி உரிமையாளருக்குக் கேட்பு அறிவிப்பு அனுப்பப்படும். அரையாண்டுக்கு ஒருமுறை வரி செலுத்தப்படும். செலுத்தாத தொகை நிலுவையாகிறது. மதிப்பீடு மிகுதி என்று கருதுவோர் மேல்முறையீடு செய்யலாம்.

இப்பயணத்தில் எங்குத் தடை நேர்ந்தாலும் ஊர் இழப்படைகிறது. புதிய மாடி எழுந்தும் பதிவேட்டில் பழைய ஓட்டுவீடே இருந்தால், வீடு வளரும், வரி வளராது. வாக்காளரின் சினத்திற்கு அஞ்சி, வரி உயர்த்த மன்றம் தயங்குவதும் உண்டு. தொழில் வரிக்கு 1988இல் அரசமைப்பு வகுத்த உச்சவரம்பான ஆண்டுக்கு 2,500 ரூபாய், ஊதியங்கள் பன்மடங்கு உயர்ந்த பின்னும் மாறவில்லை. 2017இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி, விளம்பர வரியைத் தன்னுள் அடக்கிக்கொண்டது.

சொந்த வருவாய் குன்றும்போது, ஊர் அரசு மானியத்தையே நோக்கி நிற்கிறது. வருவாய்ப் பகிர்வைப் பரிந்துரைக்க மாநில நிதி ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அமைக்கப்படுகிறது. எனினும், மானியம் வரும் வரை பழுதடைந்த குழாய் காத்திருப்பதில்லை. எந்தத் தெருவிற்கு முதலில் விளக்கு என்பதை முடிவு செய்யும் உரிமை மன்றத்திடம் இருந்தும், அதற்குரிய பணம் கையில் இல்லையெனில் அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடுகிறது.

கேட்கும் உரிமை

சொந்த வீடு உடையவர் மட்டுமே வரி செலுத்துவதாக எண்ணுதல் தவறு. வாடகைக்குக் குடியிருப்போர் தரும் தொகையிலும் சொத்து வரியின் பங்கு அடங்கியுள்ளது. எனவே, வரிப்பணம் எங்குச் சென்றது எனக் கேட்கும் உரிமை ஊரார் அனைவருக்கும் உண்டு.

உத்திரமேரூரின் முதல் விதியை மக்களாட்சி நீக்கியது. நிலமும் செல்வமும் இல்லாதவரும் இன்று வாக்களிக்கலாம், போட்டியிடலாம். கணக்குக் காட்ட வேண்டும் என்னும் இரண்டாம் விதியோ இன்றும் தேவைப்படுகிறது. கணக்கு வெளிப்படையாக இருக்கும் ஊரில் மக்கள் தயங்காது வரி செலுத்துவர். வரி முறையாகச் சேரும் ஊரே பிறர் கையை எதிர்பாராது தன்னைத் தானே ஆளும்.