பூட்டில் மீண்டும் விழுந்த ஓட்டை

சில மாதங்களுக்கு முன் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தோம். நூல் சிப்பங்களும் சேலைகளும் இருப்புப் பதிவேட்டுடன் ஒத்திருந்தன. ரொக்கத்திலும் குறையில்லை. கணக்கெழுதும் கணிப்பொறியின் திரையில் மட்டும், பாதுகாப்புத் திருத்தங்கள் காத்திருப்பதாக ஓர் அறிவிப்பு நின்றது. காரியதரிசியாரைக் கேட்டோம். "மாதக் கணக்கு முடியட்டும் ஐயா. நன்றாக ஓடுவதைத் தொட்டால் ஏதேனும் கெட்டுவிடும்" என்றார். எத்தனை மாதமாக என்று வினவியதற்குச் சிரித்தார். நாமும் சிரித்துவிட்டோம். ஆயினும் இரும்புப் பெட்டியின் பூட்டு பழுதென்று கொல்லர் சொல்லியனுப்பியிருந்தால் அவர் ஒரு நாழிகையும் பொறுத்திருக்கமாட்டார் என்பதை நாம் அறிவோம்.

கணிப்பொறிக்கும் பூட்டு உண்டு. உள்ளே வர விரும்புவோர் யார் என்று விசாரித்து, கடவுச்சொல்லையோ சாவிக்கோப்பையோ சரிபார்த்த பின்பே கதவைத் திறக்கும் மென்பொருளே அது. தொலைவிலிருந்து லினக்ஸ் போன்ற இயங்குதளங்களுக்குள் புகுவோரை இவ்வாறு விசாரிக்கும் முறைகளில் பெயர்பெற்றது எஸ்.எஸ்.எச். என்பதாகும். பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், வலையில் செல்லும் கடவுச்சொற்களை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடிய பின், டாட்டு யூலோனென் என்பவர் 1995-ல் அதை உருவாக்கினார். அவர் தந்த பழைய கட்டற்ற பதிப்பிலிருந்து ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் 1999-ல் ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்பதைச் செய்தளித்தனர். இன்று உலகெங்கும் சர்வர்களின் வாயிலில் நிற்கும் காவலாளி பெரும்பாலும் இதுவே.

இந்தக் காவலாளியிடம் ஒரு குறை இருந்தது. வந்தவர் இரண்டு நிமிடத்திற்குள் தம்மை நிரூபிக்காவிடில் மணி அடிக்கும். காவலாளி அவரை அனுப்பிவிட்டு, அச்செய்தியைப் பதிவேட்டில் எழுதுவான். இதில் என்ன தீங்கு என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். நூல் இருப்புப் பதிவேட்டை நினைத்துக்கொள்வோம். எழுத்தர் பழைய இருப்பை அடித்துவிட்டார். புதிய இருப்பை இன்னும் எழுதவில்லை. அந்தக் கணத்தில் மணி அடிக்கிறது. கையிலுள்ள வேலையை அப்படியே விட்டு, அதே பதிவேட்டிலிருந்து இன்னொரு சிப்பத்தை அவர் வழங்கியாக வேண்டுமென்றால் கணக்கு என்னவாகும்? கணிப்பொறி தன் நினைவகத்தைப் பங்கிட்டு வைத்திருக்கும் கணக்கும் இவ்வாறே பாதியில் நிற்கும். மணி எப்பொழுது அடிக்கும் என்பதை அளந்து, பலமுறை முயலும் தீயவன் அந்தக் குழப்பத்தில் தன் கட்டளைகளை நுழைத்து, கணிப்பொறியின் முழு அதிகாரத்தையும் பெற்றுவிடலாம். அதற்குக் கடவுச்சொல்லே தேவையில்லை. நாம் எத்தனை நீளமான சொல்லை வைத்திருந்தாலும் பயனில்லை.

2006-ல் மார்க் டவுட் என்னும் ஆராய்ச்சியாளர் இக்குறையை வெளிப்படுத்தினார். பாதுகாப்பாக எழுத வசதியில்லாத இயங்குதளங்களில், மணி அடித்தால் எதையும் எழுதாமல் உடனே வெளியேறவேண்டும் என்று அவ்வாண்டே விதி செய்தனர். அவ்விதி மென்பொருளின் மூலநிரலில் ஒரு நிபந்தனை வரியாக நின்றது.

அந்த வரி 2020 அக்டோபரில் காணாமற்போயிற்று. களவாடியவர் எவருமில்லை. பதிவெழுதும் பகுதியைச் சீர்திருத்தி எழுதியபோது கைதவறி நீங்கிவிட்டது. நமக்கு இது புதிய செய்தியன்று. பழைய பேரேட்டிலிருந்து புதிய பேரேட்டுக்குப் பெயர்த்தெழுதும்போது ஓரத்திலிருந்த ஒரு குறிப்பு விட்டுப்போய், சில ஆண்டுகள் கழித்து ஓர் அங்கத்தினரின் கடன் பாக்கியில் தகராறு எழுந்ததை நாமே கண்டிருக்கிறோம். 2021 மார்ச்சில் வெளிவந்த 8.5 பதிப்பிலிருந்து மூன்றாண்டுகளுக்கு மேல் ஓட்டை மறுபடியும் திறந்து கிடந்தது. குவாலிஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டு 2024 ஜூலை 1-ஆம் நாள் அறிவித்தார்கள். 32 பிட் லினக்ஸ் கணிப்பொறி ஒன்றில் சராசரியாக ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் தாம் உள்ளே புகுந்ததையும் கூறினர். இணையத்தில் 1 கோடியே 40 லட்சம் சர்வர்கள் இவ்வபாயத்திற்கு உட்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. திருத்தப்பட்ட 9.8 பதிப்பு அன்றே வெளியாயிற்று.

இங்கே நமது காரியதரிசியார் ஒரு கேள்வி கேட்கக்கூடும். கேட்டால் அதில் நியாயமுண்டு. 2020 அக்டோபருக்கு முற்பட்ட 8.4 பதிப்பையே வைத்திருந்தவர்களுக்கு இவ்வோட்டை இல்லை. டெபியன் லினக்ஸின் 11-ஆம் பதிப்பு அதனாலேயே தப்பியது. புதிதான 12-ஆம் பதிப்பு சிக்கிற்று. அப்படியானால் தொடாதவன் பிழைத்தானல்லவா? இந்த ஒரு முறை பிழைத்தான். ஆனால் 4.4-க்கும் முற்பட்டதை மாற்றாமலே வைத்திருந்தவனிடம் 2006-ன் ஓட்டையே இன்னும் திறந்திருக்கும். தொடாமலிருப்பதால் எது காக்கப்பட்டது என்பது நிகழ்ந்த பின்னரே தெரிகிறது. வெளிவந்த திருத்தமோ, எந்த ஓட்டை எங்கிருக்கிறது என்பதைத் திருடனுக்கும் சேர்த்தே அறிவித்துவிடுகிறது. அறிவிப்புக்கும் நாம் அதைப் பொருத்துவதற்கும் இடைப்பட்ட நாட்களே மிகுந்த ஆபத்தானவை.

ஆய்வு செய்வோர் பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து மயங்கலாகாது என்பதும் கவனிக்கத்தக்கது. டெபியன் 12-ல் திருத்தம் செய்த பின்னும் எண் 9.2 என்றே காட்டும்; அதன் வாலிலுள்ள சிறு எழுத்துக்களே மாறும். எண்ணைக் கண்டு குறை எழுதுவதும் தவறு, குறையில்லை என்று எழுதுவதும் தவறு. வாலையும் படிக்கவேண்டும்.

அதே ஜூலை 31-ஆம் நாள், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பப் பணி செய்துவந்த ஒரு நிறுவனம் பணயத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. தீங்கு பரவாதிருக்க, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அந்நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தது. கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாக ஏறக்குறைய 300 வங்கிகளின் பணப்பரிமாற்றம் நின்றது; மறுநாள் சீராயிற்று. அது எஸ்.எஸ்.எச். ஓட்டையால் நேர்ந்ததன்று. வேறொரு மென்பொருளின் வழியே புகுந்தார்கள் என்று ஆராய்ந்தவர்கள் கூறினர். அந்த மென்பொருளுக்கு அவ்வாண்டு ஜனவரியிலேயே திருத்தம் வந்திருந்தது. சேமிப்பில் பணமிருந்தும் அன்றைய தினம் எடுக்கவியலாதவர் நம்மைப் போன்ற அங்கத்தினர்களே.

முற்கூறிய சங்கத்தின் கணிப்பொறி லினக்ஸைச் சேர்ந்ததன்று. அங்கே நிற்கும் காவலாளி வேறொருவன். எனினும் அவனுக்கும் திருத்தங்கள் வருகின்றன. சனிக்கிழமை மாலை, கணக்குகள் அனைத்தையும் தனி வட்டில் நகலெடுத்துப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, காரியதரிசியார் நம் முன்னிலையில் திருத்தங்களைப் பொருத்தினார். ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேலாயிற்று. கணக்கெல்லாம் சரியாகத் திறந்தன. பில் அடிக்கும் இயந்திரம் மட்டும் ஓடவில்லை. அவர் நம்மைப் பார்த்தார். நாம் ஒன்றும் கூறவில்லை. திங்கட்கிழமை பழுதுபார்ப்பவர் வந்து அதைச் சரிசெய்யும் வரை ரசீதுகளைக் கையால் எழுதினார்கள். அடுத்த பஞ்சாயத்தார் கூட்டத்தில், மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை இப்பணிக்கென்று தீர்மானமாயிற்று. நகல் எடுத்த தேதியையும் திருத்திய தேதியையும் எழுத ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க 60 ரூபாய் மன்றாடிப் பெற்றதாகக் காரியதரிசியார் நமக்கு எழுதியிருக்கிறார்.