ஊன்றுகோலும் ஒப்பனையும்

கண்ணொளி இழந்தவராகக் கண்ணுள்ள நடிகர் ஒருவர் திரையில் தோன்றுகிறார். பார்ப்போர் நெஞ்சம் உருகுகின்றது, பத்திரிகைகள் பாராட்டுகின்றன, பரிசுகளும் வந்து சேருகின்றன. உண்மையாகவே பார்வை இழந்த கலைஞர் ஒருவரை அந்த வேடத்துக்கு யாரேனும் அழைத்துப் பார்த்தார்களா என்று கேட்பவர் மட்டும் மிகச் சிலரே. உடற்குறை உள்ளோரின் வேடத்தை அக்குறை இல்லாதோர் ஏற்பது முறைதானா என்னும் வினா இப்போது உலகெங்கும் எழுந்துள்ளது. படம் பார்ப்பதோடு நில்லாமல், ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவதும் நம் சங்கத்தாரின் வழக்கமாதலின், இதைக் குறித்து நாமும் சிறிது சிந்திப்பது நலம்.

தமிழ்த் திரைக்கு இத்தகைய பாத்திரங்கள் புதியன அல்ல. 1959ஆம் ஆண்டு பீம்சிங் இயக்கத்தில் வெளிவந்த 'பாகப்பிரிவினை'யில், கையும் காலும் விளங்காத கண்ணையனாகச் சிவாஜி கணேசன் நடித்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வர். 1972இல் இந்தியில் வந்த 'கோஷிஷ்' படத்தைத் தழுவி 1977இல் 'உயர்ந்தவர்கள்' வந்தது. பேச்சும் செவியும் இல்லாத தம்பதியராகக் கமல்ஹாசனும் சுஜாதாவும் நடித்தனர். 1999இல் 'வாசந்தியும் லக்ஷ்மியும் பின்னே ஞானும்' என்னும் மலையாளப் படத்தில் பார்வையற்ற பாடகனாகக் கலாபவன் மணி கேரள மக்களைக் கண் கலங்கச் செய்தார். அக்கதையே 2001இல் 'காசி' எனத் தமிழுக்கு வந்தபோது விக்ரம் அவ்வேடத்தை ஏற்றார். 2007இல் வந்த 'மொழி'யில் ஜோதிகா வாய் பேசாத பெண்ணாக நடித்தார். இவர்களுடைய உழைப்பையும் திறனையும் குறை கூறுவது நம் நோக்கமன்று. இத்தனை படங்களிலும் முதன்மை வேடம் ஏற்றவருள் ஒருவர்கூட அக்குறையை வாழ்வில் அறிந்தவரல்லர் என்பதையே சுட்டிக் காட்டுகின்றோம்.

இவ்விஷயத்தில் நமக்கு நல்ல பாடமாக அமைவன ஒரே இயக்குநரின் மூன்று படங்கள். சிங்கீதம் சீனிவாசராவ் 1981இல் 'ராஜபார்வை'யை இயக்கினார். பார்வையற்ற வயலின் கலைஞராகக் கமல்ஹாசன் நடித்தார். கதை முடிவிலும் அக்கலைஞருக்குப் பார்வை வரவில்லை. காதலும் வாழ்வும் பார்வையின்றியே அமைகின்றன. கடைசிக் காட்சியில் குறை நீங்கினால்தான் மங்களம் என்று எண்ணியிருந்த காலத்தில் இது பெரிய மாறுதலே. ஆயினும் நடித்தவர் கண்ணுள்ளவர்.

அடுத்தது 1985இல் தெலுங்கில் வந்த 'மயூரி'. பம்பாயில் வளர்ந்த பரத நாட்டியக் கலைஞர் சுதா சந்திரன், 1981இல் திருச்சிக்கு அருகே நேர்ந்த பேருந்து விபத்தின் விளைவாக ஒரு காலை இழந்தார். பிறகு ஜெய்ப்பூர்ச் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு மீண்டும் மேடையேறினார். அவருடைய வாழ்க்கையைப் படமாக்க முற்பட்டபோது, புகழ் பெற்ற நடிகை ஒருவரைத் தேடாமல், நடித்துப் பழகாத அவரையே கதாநாயகியாக்கினார்கள். தேசிய விருதுக் குழு அவருக்குச் சிறப்பு விருது அளித்தது. படம் இந்திக்கும் சென்றது. அவரோ அத்துடன் நில்லாமல், கால் இழந்த கதையே இல்லாத எத்தனையோ வேடங்களில் இன்றளவும் நடித்து வருகிறார். ஒரு முறை திறந்த கதவு எவ்வளவு தூரம் வழிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூன்றாவது 1989இல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்'. குள்ள உருவம் கொண்ட அப்புவாகக் கமல்ஹாசன் கால்களை மடக்கி நடித்ததைக் கண்டு நாடே வியந்தது. சர்க்கஸ் காட்சிகளில் உண்மையாகவே குள்ள உருவம் கொண்ட கலைஞர்கள் அவருடன் நடித்தனர். ஆனால் கதை அவர்களுடையதாக இருக்கவில்லை. பதினாறு ஆண்டுகள் கழிந்து 2005இல் மலையாள இயக்குநர் வினயன் 'அத்புத த்வீப்' படத்தை எடுத்தபோது, அத்தகைய கலைஞர் பலரைத் திரட்டி, அஜயகுமார் என்னும் கின்னஸ் பக்ருவை நாயகனாக்கினார். முழுநீளப் படத்தில் நாயகனாக நடித்த மிகக் குள்ளமான நடிகர் என்னும் கின்னஸ் பதிவு அவருக்குக் கிட்டியது. 2013இல் அவரே 'குட்டீம் கோலும்' என்னும் படத்தை இயக்கவும் செய்தார். ஆள் இல்லை என்பது பல நேரங்களில் தேடவில்லை என்பதன் மறுபெயரே என இதனால் விளங்குகின்றது.

இன்னொரு படமும் நினைவுக்கு வருகின்றது. 2009இல் பாலா இயக்கிய 'நான் கடவுள்' படத்தில் பிச்சையெடுப்போர் கூட்டமாக, உடற்குறை உள்ள பலர் நேரடியாகவே நடித்தனர். அவர்களுடைய முகங்களையும் சிரிப்பையும் படம் பார்த்தவர் மறக்க இயலாது. ஆனால் அக்கூட்டத்தின் நடுவே பாட்டுப் பாடும் பார்வையற்ற பெண்ணாக வந்தவர் கண்ணுள்ள நடிகை பூஜா. அவருடைய நடிப்பு உயர்ந்ததே. எனினும், கூட்டமாக நிற்கும்போது உண்மையான உடல் வேண்டும், கதை சொல்லும்போது மட்டும் ஒப்பனை செய்த உடல் வேண்டும் என்பது என்ன நியதி என்று கேளாமல் இருக்க இயலவில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையுடன் கேட்க வேண்டும். நடிப்பென்பதே தான் அல்லாத ஒருவனாக மாறுவது. கொலை செய்தவன்தான் கொலைகாரனாக நடிக்க வேண்டுமா? அரசன்தான் அரசனாக வேண்டுமா? இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதிலும் திருவனந்தபுரத்தில் வாழும் நாம் இதைத் தள்ளவே கூடாது. மலையாளத்தின் முதற்படமான 'விகதகுமாரன்' நம் நகரின் காபிடல் அரங்கில் திரையிடப்பட்டபோது நடந்தது யாவரும் அறிந்ததே. படத்தை எடுத்த ஜே. சி. டானியல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து அகஸ்தீசுவரத்தைச் சேர்ந்தவர். அதில் நாயர் குலப் பெண்ணாகத் தோன்றிய பி. கே. ரோசி ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். இவள் அவளாக நடிப்பதா என்று கூட்டம் கொதித்துத் திரையின் மேல் கல்லெறிந்தது. ரோசி ஊரைவிட்டே வெளியேறினார். அதன் பின் அவர் படத்தில் நடிக்கவில்லை. ஆகவே, 'பிறந்தபடியே வேடம்' என்று சட்டம் போட்டால் அது யாரைத் தாக்கும் என்பதை நம் நகரமே கண்டிருக்கிறது.

அப்படியாயின் நம் முடிவு என்ன? பிறர் வேடம் புனைவது குற்றமன்று. ஒரு சாராருக்குக் கதவை அடைத்துவிட்டு அவர்கள் வேடத்தைப் புனைவதே குற்றம். அன்று ரோசிக்கு அடைக்கப்பட்ட கதவும், இன்று சக்கர நாற்காலியில் வரும் கலைஞருக்கு அடைபட்டிருக்கும் கதவும் ஒன்றே. பழைய நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் வேடத்தை ஆண்களே ஏற்றனர். அவர்களுள் பெருங்கலைஞர் பலர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் பெண்கள் மேடையேறியபின், இனி ஆண்களே பெண்ணாக நடிக்கட்டும் என்று யாராவது கேட்கிறோமா?

மேல்நாட்டிலும் இம்மாறுதல் மெல்லவே வந்தது. படையில் பணிபுரிந்தபோது இரு கைகளையும் இழந்த ஹரால்ட் ரசல், 1946இல் வந்த ஹாலிவுட் படமொன்றில் அத்தகைய வீரராகவே நடித்து ஆஸ்கர் பரிசு பெற்றார். 1986இல் வந்த படத்துக்காகச் செவித்திறன் இல்லாத மார்லி மாட்லின் அப்பரிசைப் பெற்றார். 2014இல் பிரான்சில் வந்த படமொன்றில், காது கேளாத பெற்றோராகக் காது கேட்கும் நடிகர்களே நடித்தனர். அதே கதை அமெரிக்காவில் 'கோடா' என 2021இல் எடுக்கப்பட்டபோது, தம் கணவர் வேடத்துக்குக் காது கேட்கும் நடிகரைப் போட்டால் விலகிவிடுவேன் என்று மாட்லின் உறுதியாக நின்றார். அதனால் அவ்வேடம் டிராய் காட்சருக்குக் கிடைத்தது. 2022இல் அவருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. ஆண்டின் சிறந்த படம் என்ற பரிசும் அப்படத்துக்கே கிடைத்தது. நம் நாட்டில் 2025இல் வந்த இந்திப் படமான 'சிதாரே ஜமீன் பர்', மூளை வளர்ச்சியில் வேறுபாடுடைய பத்துப் பேரையே அத்தகைய பாத்திரங்களில் நடிக்க வைத்தது.

புகழ் பெற்ற நடிகர் இல்லாவிடில் படத்துக்குப் பணம் யார் தருவார் என்று தயாரிப்பாளர் கேட்பது உண்மையே. ஆனால் சிறு வேடமே கிட்டாதவர் எந்நாளில் புகழ் பெறுவது? அலுவலகத்தில் எழுத்தராகவும், பள்ளியில் ஆசிரியையாகவும், பக்கத்து வீட்டு மாமியாகவும் அவர்கள் திரையில் வரட்டும். குறையைப் பற்றியே பேசாத கதையிலும் அவர்களுக்கு இடம் இருக்கட்டும்.

சட்டமும் இத்திசையிலேயே நகர்கின்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம், முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக விரித்து, அரசுப் பணியில் நூற்றுக்கு நான்கு இடங்களை ஒதுக்கியது. 2024 ஜூலை 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம், 'ஆங்க் மிச்சோலி' என்னும் இந்திப் படம் குறித்த வழக்கில், படைப்பாளியின் உரிமையைக் காத்துக்கொண்டே சில நெறிகளை வகுத்தது. குறையைக் கேலிப்பொருளாக்கும் நகைச்சுவை வேறு, அவ்வாழ்வைப் புரிந்துகொள்ளச் செய்யும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. அவர்களைப் பற்றிய எதையும் அவர்களைக் கலவாமல் செய்யலாகாது என்னும் கொள்கையையும் வலியுறுத்தியது.

நம் நகருக்கு இதில் தனிச் சிறப்புண்டு. 1997இல் தொடங்கப்பட்டு ஆக்குளத்தில் இயங்கிவரும் 'நிஷ்' என்னும் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனத்தில் காது கேளாத மாணவர் பட்டப்படிப்புப் பயில்கின்றனர். கழக்கூட்டத்தில் மாயாஜாலக் கலைஞர் கோபிநாத் முதுகாடு நடத்தும் கலை மையத்தில், அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகள் மாயாஜாலமும் இசையும் நடனமும் கற்றுப் பார்வையாளர் முன் நிகழ்த்துகின்றனர். நகருக்கு வரும் உறவினரைப் பத்மநாபசுவாமி கோயிலுக்கும் கோவளத்துக்கும் அழைத்துச் செல்லும் நாம், கழக்கூட்டத்துக்கும் ஒரு முறை அழைத்துச் செல்லலாமே.

இறுதியாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் ஆண்டு விழா நாடகங்களில் திக்கிப் பேசும் வேலைக்காரனும், காது கேளாத தாத்தாவும் சிரிப்புக்காகவே வருகின்றனர். அதே நேரத்தில், நம்முள் சில குடும்பங்கள் அத்தகைய குழந்தையை விழாவுக்கே அழைத்து வருவதில்லை. பிறர் சிரிப்பார்கள் என்னும் அச்சமே காரணம். மேடையில் நாம் எதற்குச் சிரிக்கின்றோமோ, அதைக் கண்டுதானே அப்பெற்றோர் அஞ்சுகின்றனர்? அடுத்த விழாவில் மேடைக்குப் படியோடு சாய்தளமும் அமையட்டும். நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போது எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்லியனுப்புவோம். அக்குழந்தைகளுள் ஒருவன் விருப்பமுற்று வந்தால், அவனுக்கு அரசன் வேடமே கொடுப்போம். ஊன்றுகோலுடன் ஓர் அரசன் கொலுவீற்றிருந்தால் நாடகம் கெட்டுவிடாது. பார்க்கும் நம் கண்தான் சற்றுப் பழக வேண்டும்.