தடை எங்கே இருக்கிறது?

நான்காம் வகுப்பில் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, சொல்வதை எழுதும்போது ‘பட்டம்’ என்றால் ‘மட்டம்’ என்று எழுதுவாள். சில சொற்களை விட்டுவிடுவாள். ‘கவனக்குறைவு’ என்று அவளுடைய நோட்டில் பலமுறை எழுதியிருக்கிறேன்.

ஒருநாள் விடைகளை வரிசையாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவளுக்குப் பின்னால் நடந்துகொண்டே நான் சொன்ன சொற்கள்தாம் விடுபட்டிருந்தன. எதிரே நின்று சொன்னவற்றில் ‘ப’வும் ‘ம’வும் மாறியிருந்தன. இரண்டுக்கும் உதடுகள் ஒன்றுபோலவே மூடும். அவள் என் உதட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள்!

பெற்றோரிடம் பேசி, வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர் வழியாகச் செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பினோம். காதொலிக் கருவி கிடைத்தது. ஆனாலும் அவள் தடுமாறினாள். கருவி என் குரலோடு மின்விசிறி இரைச்சலையும் சாலைச் சத்தத்தையும் கூட்டித் தந்தது. நானோ கரும்பலகையைப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தேன்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, முழுமையாகப் பங்கேற்பதற்கு இடையூறாகும் எந்தக் காரணியையும் ‘தடை’ என்கிறது. சூழலும் மனப்பான்மையும் அதில் அடங்கும். என் வகுப்பில் அவளுடைய இருக்கை, நான் நிற்கும் விதம், நான் எழுதிய ‘கவனக்குறைவு’ மூன்றுமே தடைகள்.

அதன்பின், ஒரு குழந்தை தடுமாறினால் என்ன தவறு என்பதோடு, எப்போது தவறுகிறது என்பதையும் இரண்டு வாரம் குறித்துவைக்கிறேன்.

• கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டுமா? பார்வை, இருக்கை, பலகையில் விழும் வெளிச்சம் ஆகியவற்றைக் கவனிக்கிறேன்.

• வாய்மொழியில் சரியாகச் சொல்லி, எழுத்தில் மட்டும் தடுமாறுகிறதா? வாய்மொழியாகவும் விடை சொல்ல வாய்ப்பளிக்கிறேன்.

• பல கட்டளைகளை ஒன்றாகச் சொல்லும்போது மட்டுமா? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

குறைபாட்டுக்குப் பெயர் வைப்பது நம் வேலையன்று. அது மருத்துவர், வல்லுநர்களின் பணி. நம் குறிப்பு அவர்களுக்கு உதவும். ஆனால், வகுப்பறைத் தடையை நீக்கச் சான்றிதழ் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த மாணவியைச் சாலைப்பக்க சன்னலிலிருந்து முன்வரிசைக்கு மாற்றினேன். முக்கியச் சொற்களைப் பலகையில் எழுதிவிட்டு, திரும்பி நின்று பேசப் பழகினேன். “புரிந்ததா?” என்று கேட்பதை விட்டு, “என்ன சொன்னேன், சொல்லு” என்றேன்.

பழைய பழக்கத்தில் ஒருநாள் பலகையைப் பார்த்தே பேசினேன். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது: “டீச்சர், இந்தப் பக்கம் பார்த்துச் சொல்லுங்க!”