பதினெட்டாவது கோட்டுக்கு இந்தப் பக்கம்

தளேகாவுக்குக் குடிவந்து இருபத்தேழு வருஷமாகிறது. கடைத்தெருவில் நான் பேசும் மராத்தியைக் கேட்டால் சிரிப்பார்கள். ஊருக்குப் போனால் என் பையன் பேசும் தமிழைக் கேட்டு அத்தைமார் சிரிப்பார்கள். சென்ற தீபாவளிக்குப் போகும்போது ரயிலில் கேட்டான்: "அப்பா, நமக்கு ஊர் எதுப்பா?" வேர்க்கடலை வாங்கும் சாக்கில் நான் எழுந்துவிட்டேன்.

அந்தக் கேள்விதான் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' நாவலை மறுபடி எடுக்க வைத்தது. 1977இல் வந்த புத்தகம். கதை சிகந்தராபாத்தில் நடக்கிறது. சந்திரசேகரன் ரயில்வே ஊழியரின் மகன். லான்ஸர் பாரக்ஸ் குடியிருப்பில் முஸ்லிம்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் அக்கம்பக்கம். இவனோ தமிழன். அவனுக்குக் கிரிக்கெட் ஆட வேண்டும், வீட்டு மாட்டைத் தேட வேண்டும். நாடு சுதந்திரம் பெறுவது இவற்றுக்கு நடுவே ஒரு தொந்தரவு! 1947இல் நிஜாம் இந்தியாவோடு சேர மறுக்கிறார், ரஜாக்கர்கள் கிளம்புகிறார்கள். எந்தக் கூட்டத்தில் நின்றாலும் இவன் அரைமனதாகவே நிற்கிறான். படிக்கும்போது சிரிப்பு வரும். ஏன் சிரித்தோம் என்று பிறகு உறுத்தும்.

ஒரு வேடிக்கை. சிகந்தராபாத் இருப்பது ஏறக்குறைய பதினேழரைப் பாகையில். நம் தளேகாவ் பதினெட்டே முக்காலில். அந்தக் கோடு அவர்களுக்கு வடக்கே, நமக்குத் தெற்கே ஓடுகிறது.

பையனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆகவே இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நானே உரக்கப் படித்தேன். மாடு தேடும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தான். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்ததற்குப் பிந்தைய கடைசிப் பக்கங்களை என் மனைவி நிறுத்தச் சொன்னாள். நான் நிறுத்தவில்லை. நடுங்கும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு சின்னப் பெண் சந்திரசேகரன் முன்னால் வந்து நிற்கிறாள். அவமானம் தாங்காமல் அவன் ஓடுகிறான். அன்று யாரும் பேசாமல் படுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை, "அப்புறம் அந்தப் பையன் எங்கே போனான்?" என்றான்.

"கதை அதோடு சரி. எழுதினவர் 1952இல் சென்னைக்கு வந்துவிட்டார். 2017இல் காலமாகும்வரை அங்கேதான்."

பல் துலக்கிக்கொண்டே கொஞ்சம் யோசித்தான். "அங்கே அவர் பேசின தமிழைக் கேட்டுச் சிரிச்சாங்களாப்பா?"