குப்பை மேட்டுக்குள் ஒரு கோட்டை மதில்

எகிப்தின் கெய்ரோ நகரில், அல்அஸ்ஹர் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு பெரிய மேடு இருந்தது. சுமார் 500 ஆண்டுகளாக ஊர் மக்கள் குப்பையையும் இடிபாட்டு மண்ணையும் கொட்டியதால் உண்டான மேடு அது. அங்கே பூங்கா அமைக்கும் வேலை தொடங்கியபோது, சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி அவர்கள் 12ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய நகர மதில் வெளிப்பட்டது. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நீளத்துக்கு அது குப்பைக்குள் புதைந்து கிடந்தது! 2005இல் அல்அஸ்ஹர் பூங்கா திறக்கப்பட்டது.

பிள்ளைகளே, நாம் வீசும் பொருள் நம் கண்ணை விட்டுத்தான் மறைகிறது. பூமியை விட்டு மறைவதில்லை.

ரோம் நகரில் சுமார் 35 மீட்டர் உயரத்தில் ஒரு குன்று உண்டு. அது முழுவதும் உடைந்த மண் ஜாடிகள். ரோமப் பேரரசு காலத்தில் ஸ்பெயினிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஜைத்தூன் எண்ணெய் வந்த ஜாடிகள் அவை. அவற்றின் மேல் எழுதியிருந்த குறிப்புகளிலிருந்து எண்ணெயின் எடை, வந்த ஊர் போன்றவற்றை ஆய்வாளர்கள் படித்தறிகிறார்கள். நம் குப்பையும் ஒருநாள் நம்மைப் பற்றிச் சாட்சி சொல்லும்.

அன்றைய குப்பையில் பெரும்பகுதி மண், சாம்பல், எலும்பு, ஓடு. மிச்ச உணவு ஆடு, கோழிகளுக்குப் போனது. 1907இல் லியோ பேக்லேண்ட் என்பவர் பேக்கலைட் என்ற செயற்கை பிளாஸ்டிக்கை உருவாக்கினார். அதன்பின் வந்த பிளாஸ்டிக் வகைகளில் பெரும்பாலானவற்றை மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் எளிதில் தின்ன முடிவதில்லை.

'சோறு மக்கிவிடும்தானே?' என்று கேட்கலாம். காற்றுப் பட்டால் மக்கி உரமாகும். மலைபோல் குவிந்த குப்பையின் அடியில் காற்று இல்லை. அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ராத்ஜே குழுவினர் குப்பைக் கிடங்குகளைத் தோண்டியபோது, பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செய்தித்தாள்கள் படிக்கும் நிலையில் கிடைத்தன. காற்றில்லாத இடத்தில் உணவு மெல்ல அழுகி மீத்தேன் வாயுவாகிறது. 100 ஆண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். சென்னை பெருங்குடிக் கிடங்கு 2022 ஏப்ரலில் எரிந்து, நாள்கணக்கில் புகைந்தது நினைவிருக்கும்.

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். வலீமா விருந்து முடிந்ததும் வாளி வாளியாகப் பிரியாணி கொட்டப்படுகிறது. நோன்பு திறந்த பின் பள்ளிவாசல் முற்றத்தில் கஞ்சிக் கப்புகள் குவிகின்றன. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்பது அல்லாஹ்வின் கட்டளை (7:31). கீழே விழுந்த கவளத்தையும் துடைத்து உண்ணச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்றும் கற்றுத் தந்தார்கள். அகற்றுவதே ஈமான் என்றால், பாதையில் வீசுவது எதில் சேரும்?

ஆகவே தட்டில் வேண்டிய அளவு மட்டும் வைப்போம். மிஞ்சியதை, கெடும் முன்பே பசித்தவருக்குக் கொடுப்போம். காய்கறித் தோலைத் தனியே மக்க வைப்போம். நோன்புக் கஞ்சிக்கு வீட்டிலிருந்தே கோப்பை கொண்டு போவோம். இன்ஷா அல்லாஹ், நமக்குப் பின் இந்த மண்ணைத் தோண்டுபவர்கள் நம்மைப் பற்றி நல்லதைச் சொல்லட்டும்.